விரல் மூட்டு வீக்கமும் ஒலியால் காணும் சோதனையும்

நம் சங்கத்து அங்கத்தினர்களும் அவர்தம் வீட்டாரும் அண்மைக் காலமாக நம்மிடம் கேட்டுவரும் கேள்வி ஒன்றுண்டு. "காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்கள். இப்பொழுது கைக்கு ஸ்கேன் எடுத்து வரச் சொல்கிறார்கள். வயிற்றுக்கல்லவோ ஸ்கேன் எடுப்பார்கள்? கைக்கு எதற்கு?" என்பதே அக்கேள்வி. கேட்பவர்களின் குரலிலேயே ஓர் ஐயம் தொனிக்கிறது; காசு பறிக்கும் வழியோ என்பது அவ்வையம். கேள்வி நியாயமானதே. நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை அங்கத்தினர்கள் முன் வைப்பது கடமை எனக் கருதி இதனை எழுதலுற்றோம்.

காதர்பேட்டையின் வாழ்வு விரல்களில் இருக்கிறது. மொத்தக் கடைகளில் பனியன்களை மடித்து டஜன் டஜனாகக் கட்டுவோரும், சுற்றுவட்டாரத்துப் பவர்டேபிள்களில் ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்களின் முன் அமர்வோரும், பிசிறு வெட்டுவோரும், செக்கிங் மேசையில் துணியைத் தடவித் தடவிப் பழுது காண்போரும் நாள் முழுதும் விரல்களைக் கொண்டே பிழைக்கின்றனர். சென்னிமலைப் பக்கத்துத் தறியில் அறுந்த இழையை முடிப்பவர்க்கும், அவிநாசி, பல்லடம் பகுதித் தோட்டங்களில் களையெடுப்பவர்க்கும் இது பொருந்தும். ஆகவே விரல் மூட்டில் வலி என்றால், "வேலைக் களைப்பு, தைலம் தேய்த்தால் போகும்" என்று எண்ணிவிடுவது இயல்பே. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். எப்பொழுது அது சரியில்லாமற் போகிறது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முடக்குவாதம் என்றும், நம் பக்கத்துப் பெரியவர்கள் சரவாங்கி என்றும் சொல்லும் நோய், உழைப்பினால் மூட்டுத் தேய்வதன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தடம் மாறி, தன் உடலின் மூட்டுகளையே பகையெனக் கொண்டு தாக்குவதால் வருவது. ஒவ்வொரு மூட்டின் உட்புறத்தையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. மூட்டு வழுக்கி அசைவதற்கு வேண்டிய நீரைச் சுரப்பது அதன் வேலை. இந்நோயில் அச்சவ்வு அழற்சியுற்றுத் தடிக்கிறது, அதனுள் புதிய இரத்தக் குழல்கள் முளைக்கின்றன, நீர் மிகுகிறது. நாளடைவில் தடித்த சவ்வு, ஓரத்திலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் கரையான் மரத்தை அரிப்பது போல் அரிக்கத் தொடங்குகிறது. அரித்த எலும்பு பழைய நிலைக்கு மீள்வது அரிது.

இந்நோயை அடையாளங் காட்டும் குறிகள் சில உண்டு. உழைப்பால் வரும் வலி வேலை செய்யச் செய்ய மிகும், ஓய்ந்தால் தணியும். முடக்குவாதத்திலோ ஓய்ந்திருந்த பின்னரே விறைப்பு மிகுதி. காலையில் எழுந்து அரைமணி, ஒருமணி நேரம் ஆகியும் டம்ளரைப் பிடிக்க இயலாது. பின்னர் சிறிது சிறிதாக இளகும். மணிக்கட்டு, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுக்கள், விரலின் நடுக்கணுக்கள், கால்விரல்களின் அடிக்கணுக்கள் ஆகியன பெரும்பாலும் இரு பக்கமும் ஒருங்கே வீங்கும். நகத்தை ஒட்டிய நுனிக்கணு பெரும்பாலும் தப்பிவிடும். அந்நுனிக்கணுவில் மட்டும் முண்டு முண்டாகத் திரண்டிருப்பின் அது பெரும்பாலும் வயதினால் வரும் தேய்மானமே. ஆறு வாரங்களுக்கு மேலும் வீக்கம் நீடிக்குமாயின் இனித் தைலத்தை நம்பியிருத்தல் தகாது.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் சிக்குன்குனியாக் காய்ச்சல் பரவியதை மறந்தவர் இரார். அக்காய்ச்சல் கண்டவர்களுள் பலர்க்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நீடித்தது. அது முதலாக, எந்த மூட்டு வலித்தாலும் "அந்தக் காய்ச்சலின் மிச்சம்" என்று சொல்லிக் காலங்கடத்தும் வழக்கம் வந்துவிட்டது. சிலர்க்கு அது உண்மை. வேறு சிலர்க்கு அப்பெயரின் மறைவில் முடக்குவாதம் வளர்ந்துகொண்டிருக்கும்.

எத்துணைப் பேருக்கு இந்நோய் வருகிறது? தில்லியை அடுத்த சிற்றூர்களில் மருத்துவர் மாளவியாவும் அவர் குழுவினரும் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்கு முக்கால் பங்கு (0.75 சதவீதம்) எனக் கண்டனர். புனேக்கு அருகிலுள்ள பிக்வான் என்னும் ஊரில் 1996-இல் தொடங்கிய ஆய்வில் ஏறக்குறைய அரைச் சதவீதம் வந்தது. அற்பம் போல் தோன்றும். ஆனால் ஆயிரம் பெரியவர்கள் உள்ள ஓர் ஊரில் ஐந்து முதல் எட்டுப் பேர் என்று கணக்கிட்டுப் பார்த்தால் அற்பமன்று. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. பிழைப்பு முனைப்பாக நடக்கும் நடுவயதிலேயே பெரும்பாலும் தொடங்குகிறது.

நம் தொழிலாளர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று மலேசியாவிலிருந்து வந்திருக்கிறது. அங்கு மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினப் பெண்களையும் கொண்டு நடத்திய ஓர் ஆய்வில், முடக்குவாதம் உற்ற 910 பெண்களையும், நோயற்ற 910 பெண்களையும் ஒப்பிட்டனர். துணித்தூசியில் வேலை செய்தவர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு, ஏனையோர்க்கு இருப்பதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கண்டு 2016-இல் வெளியிட்டனர். பரம்பரைக் கூறும் சேர்ந்திருந்தால் வாய்ப்பு மேலும் மிகுந்தது. ஓர் ஆய்வைக் கொண்டே முடிவு கட்டுதல் முறையன்று. பஞ்சுத்தூசி பறக்கும் இடத்தில் இருப்பவர் எல்லார்க்கும் வாதம் வருமென்று எவரும் அஞ்சவும் வேண்டா. எனினும் மூக்குத்துணி கட்டிக்கொள்ளுதலும், தூசியை வெளியே இழுக்கும் விசிறி வைக்கும்படி முதலாளியிடம் கேட்டலும் நுரையீரலுக்கு மட்டுமே உரிய காப்பு என்று எண்ணியிருந்தோம். இப்பொழுது அவ்வாறு எண்ண இயலவில்லை. புகைப்பழக்கமும் இந்நோய்க்கு வழிகோலும் என்பது பல நாடுகளில் உறுதிப்பட்டிருக்கிறது.

இனி ஸ்கேனுக்கு வருவோம். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும்; சவ்வைக் காட்டாது. எலும்பு அரிக்கப்பட்ட பின்னரே அதில் குறி தெரியும். வீடு எரிந்த பின் கரியைக் காட்டுவது போன்றது அது. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கழகத்தார் சொல்லும் நெறியோ, நோய்க்குறி தோன்றி ஆறு வாரத்துக்குள் நோயாளி வல்லுநரைக் காணவேண்டும், மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்கப்பட வேண்டும் என்பது. அந்த மூன்று மாதத்தில் எக்ஸ்ரே பெரும்பாலும் ஊமையாகவே இருக்கும். இரத்தத்தில் காணும் வாதக் காரணி என்னும் சோதனையும், சி.சி.பி. எதிர்ப்பொருள் சோதனையும் பயனுடையனவே. ஆனால் இந்நோய் உள்ளவர்களிலும் சிலர்க்கு இரண்டும் இல்லையென்றே வரும். மருத்துவரின் கைவிரல் தொட்டுப் பார்த்தலே முதற்சோதனை. அது ஐயத்துக்கிடமாக இருக்கும்போது, எரியும் நிலையிலேயே சவ்வைக் காண ஒரு வழி வேண்டும். அவ்வழியே கேளா ஒலி.

கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் வரும் நேரத்தைக் கொண்டு ஆழம் கணிப்பதை உழவர் அறிவர். வௌவால் இருளில் ஒலியெழுப்பி, அது மோதித் திரும்புவதைக் கேட்டே பறக்கிறது. கேளா ஒலிக் கருவியும் அங்ஙனமே. மனிதர் காது வினாடிக்கு 20,000 அதிர்வு வரையில்தான் கேட்கும். விரல் மூட்டைக் காணும் கருவி வினாடிக்கு ஒன்றரைக் கோடி அளவில் அதிரும் ஒலியை அனுப்புகிறது. அவ்வொலி நம் தசையினூடே வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள எலும்பில் பட்டு மீளுவதற்கு, ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் 13 பங்கு நேரமே ஆகும். அந்நேரத்தைக் கணக்கிட்டு, எதிரொலி எங்கிருந்து வந்தது என்று புள்ளி புள்ளியாகத் திரையில் இடுகிறது கருவி. அதிர்வு மிக மிக நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். ஈரலைக் காண ஆழம் வேண்டும். விரலுக்கு ஆழம் வேண்டியதில்லை. ஆதலின் வயிற்றைவிட விரலில் இக்கருவி பன்மடங்கு நுட்பமாகக் காணும். அலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். 'கைக்கு எதற்கு ஸ்கேன்?' என்று கேட்டவர்களுக்கு விடை இதிலேயே இருக்கிறது.

திரையில் எலும்பின் மேற்புறம் வெண்கோடாகத் தெரியும். நீர் கறுப்பாகவும், தடித்த சவ்வு கருஞ்சாம்பலாகவும் தெரியும். கோட்டில் ஒரு குழிவு இருந்து, கருவியைத் திருப்பி மற்றொரு திசையில் வைத்துப் பார்த்தாலும் அக்குழிவு தெரிந்தால் அது எலும்பு அரிப்பு. இங்கிலாந்தில் 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், தொடக்கநிலை நோயாளிகளின் விரற்கணுக்களில் எக்ஸ்ரே காட்டியதைப்போல் ஆறு மடங்குக்கு மேற்பட்ட அரிப்புகளைக் கேளா ஒலி காட்டியது.

இவை தவிர இன்னொன்றும் உண்டு. நம் கருத்தில் அதுவே தலையாயது. காதர்பேட்டைக் கடையில் நிற்பவர்க்கு, ரயில் நிலையத்தை நோக்கி வரும் வண்டியின் ஊதல் கூர்மையாகக் கேட்டு, கடந்து சென்றபின் தணிந்து கேட்பது பழக்கம். நகரும் பொருளிலிருந்து வரும் ஒலி மாறுபடுவதை 1842-இல் விளக்கியவர் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய அறிஞர். இரத்த அணுக்களும் நகர்வனவே. அவற்றில் பட்டு மீளும் ஒலியைப் பிரித்தெடுத்து, அதன் வலிமைக்கேற்பச் செம்மஞ்சள் நிறத்தில் காட்டுவதைப் பவர் டாப்ளர் என்பர். நலமுற்ற விரற்கணுவின் சவ்வில் நிறம் பெரும்பாலும் தோன்றாது. அழற்சியுற்ற சவ்விலோ புதுக்குழல்களில் ஓடும் இரத்தம் தணல் போல் ஒளிரும். வீக்கம் பழையதா, இப்பொழுதும் எரிகிறதா என்பதை இது பிரித்துணர்த்துகிறது.

இக்கருவியின் வரலாறு தொழிற்கூடத்தில் தொடங்குவது நமக்கு மகிழ்வூட்டுவது. சில படிகங்கள் அழுத்தத்தால் மின்னூட்டம் பெறும் என்று 1880-இல் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டனர். பின்னர் உலோகத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் காண ஒலிக்கருவிகள் செய்யப்பட்டன. கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்று மருத்துவர் அயன் டொனால்டு 1955-இல், அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்று, வெடிப்புக் காணும் கருவியால் அவற்றைச் சோதித்தார். 1958-இல் அவர் எழுதிய கட்டுரை மருத்துவ உலகைத் திருப்பியது. மூட்டுப் பக்கம் இது வந்தது மெதுவாகத்தான். 1972-இல் முழங்காலின் பின்புறத்து நீர்க்கட்டியையும், 1978-இல் முடக்குவாதத்து முழங்கால் வீக்கத்தையும் இதனால் கண்டனர். விரல்கணுவைக் காணும் அளவுக்குக் கருவி நுட்பமானதும், பவர் டாப்ளர் சேர்ந்ததும் 1990-களில்.

சோதனை அறையில் நடப்பது எளிது. மோதிரம், வளையல்களைக் கழற்றச் சொல்வர், மருதாணி தடையன்று. கையில் குளிர்ந்த கூழ் ஒன்றைத் தடவுவர். ஒலிக்குக் காற்று பகை. கருவிக்கும் தோலுக்கும் இடையில் காற்றுப் புகாதிருக்கவே அக்கூழ். ஊசியில்லை, கதிர்வீச்சும் இல்லை. கால்மணி முதல் அரைமணி நேரம் ஆகலாம். கருவியை அழுத்திப் பிடித்தால் நுண்குழல்கள் நசுங்கி நிறம் மறைந்துவிடும். ஆதலின் கைதேர்ந்தவர் இறகு போல் வைத்தே பார்ப்பர். வலி மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் அழற்சி குறைந்து தோன்றக்கூடும். ஆகையால் அன்று காலை மாத்திரை எடுக்கலாமா என்று முன்னரே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளல் நன்று. சவ்வின் தடிப்பும் நிறமும் 0 முதல் 3 வரை படியிட்டு எழுதப்படும். ஆளுக்கொரு விதமாக எழுதாதிருக்க, 2005-இல் பன்னாட்டு வல்லுநர் குழுவினர் இலக்கணம் வகுத்தனர். 2017-இல் படிகளையும் ஒழுங்குபடுத்தினர். அறிக்கையில் "1" என்று கண்டால் பதற வேண்டா. நோயற்றவர்க்கும் சில கணுக்களில், அதுவும் கால்விரலில், சிறிது நீர் இருப்பதுண்டு.

நாம் அறிந்த இருவர் செய்தியைச் சொல்லுவோம். செக்கிங் வேலை செய்யும் ஓர் அம்மையார், இரு கைகளிலும் வலி என்று ஏழு மாதம் அலைந்தார். எக்ஸ்ரேயிலும் வாதக் காரணியிலும் ஒன்றுமில்லை. "வேலைக்குப் போக மனமில்லை போலும்" என்று வீட்டாரே சொல்லிவிட்டனர். ஸ்கேனில் நான்கு கணுக்களில் தணல் தெரிந்தது. அறிக்கையைக் கையில் வாங்கிய அன்று அவர் அழுதது வலியினால் அன்று என்று நம்மிடம் சொன்னார். மற்றவர் இளைஞர், ஓவர்லாக் தையற்காரர். சரவாங்கி என்று எவரோ சொல்ல, ஓராண்டு மருந்துண்ணத் துணிந்திருந்தார். ஸ்கேனில் மூட்டெல்லாம் நலமாக இருந்தன. பெருவிரலை இயக்கும் தசைநாணின் உறை மட்டும் தடித்திருந்தது. இருக்கையின் உயரத்தை மாற்றி, சில வாரம் கட்டுப் போட்டதில் குணமானார். நோய் உண்டென்பதைப் போலவே இல்லையென்பதையும் காட்டுதல் இச்சோதனையின் பயன்.

இதன் குறைகளையும் மறைத்தல் ஆகாது. ஒலி எலும்பை ஊடுருவாது. எலும்பின் உள்ளே நடப்பதை அறிய எம்.ஆர்.ஐ. வேண்டும். அழற்சி உண்டென்று காட்டுமே தவிர, அது முடக்குவாதத்தால் வந்ததா, சிக்குன்குனியாவால் வந்ததா என்று பெயர் சொல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ப்பவர் திறமையே இதன் திறமை. வயிற்றைப் பார்த்துப் பழகியவர் எல்லாரும் விரலைப் பார்க்க வல்லரல்லர்.

மாதந்தோறும் ஸ்கேன் எடுத்து மருந்தைக் கூட்டிக் குறைத்தால் நோய் விரைவில் அடங்குமா என்ற வினாவும் எழுந்தது. ஸ்காட்லாந்தில் 2015-இலும், நார்வேயில் 238 நோயாளிகளை இரண்டாண்டு கவனித்து 2016-இலும் வெளியான ஆய்வுகள் இதற்கு விடை கூறின. மருத்துவர் தொட்டுப் பார்த்து ஒழுங்காக மருந்தளித்தவர்களும், ஸ்கேன் கொண்டு மருந்தளிக்கப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே நலம் பெற்றனர். ஆகவே ஐயமுள்ளபோது ஒருமுறை எடுப்பது அறிவுடைமை, வரும்போதெல்லாம் எடுக்கச் சொன்னால் "இதனால் மருந்து மாறுமா?" என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. அதே வேளையில், வலி முழுதும் நீங்கியவர்களின் கணுக்களிலும் சிலபோது தணல் மறைந்திருப்பதையும், அக்கணுக்களே பின்னர் சிதைவதையும் இங்கிலாந்து மருத்துவர்கள் 2008-இல் காட்டியுள்ளனர். மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ எண்ணும்போது ஒரு ஸ்கேன் வேண்டுவர் சில வல்லுநர், அது காரணமற்றதன்று.

நோய் உறுதியானால் முதலில் தரப்படும் மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். இதன் பின்னே கதர் கதை ஒன்றிருக்கிறது. பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவைக்கூடம் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்காளாகி, முழுப்பட்டம் பெறாமல் கீழ்நிலைச் சான்றிதழே பெற்றார். 1923-இல் அமெரிக்கா சென்ற அவர், பின்னாளில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் தலைமையேற்ற குழுவினரே இம்மருந்தினத்தைப் படைத்தனர். புற்றுநோய்க்கெனப் பிறந்த அம்மருந்தினம் 1951-இல் மூட்டுவாதத்துக்குச் சோதிக்கப்பட்டது. 1980-களில் முடக்குவாதத்தின் அடிப்படை மருந்தாயிற்று. இதில் ஒரு கண்டிப்பு: இது வாரம் ஒருநாள் மட்டும் உண்ணும் மருந்து. நாள்தோறும் உண்டு உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொண்டவர் உண்டு. எந்தக் கிழமை என்பதைக் காகிதத்தில் எழுதி நாட்காட்டியருகில் ஒட்டிவைக்க. கருவுற்றவரும் கருவுற எண்ணுபவரும் இதனை உண்ணலாகாது. பெயரில்லாப் பொடியும் மாத்திரையும் இரண்டே நாளில் வலியைப் போக்குமானால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று ஐயுறுக.

வாதநோய்க்கென்றே பயின்ற மருத்துவர் கோவையில் உளர். சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இதற்கெனத் தனித்துறைகள் இயங்குகின்றன. திருப்பூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டிருப்பதால், முதற்சோதனைகளுக்கு வெளியூர் போகும் தேவை குறைந்திருக்கிறது. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளோர் முதலில் தம் மருந்தகத்தில் காட்டி, மேற்சோதனைக்குச் சீட்டுப் பெற்றுச் செல்க.

ஸ்கேன் அறை வாயிலில், கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்னும் பலகை தொங்கும். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இக்கருவிகள் யாவும் பதிவு செய்யப்படுவதால் அப்பலகை அங்கிருக்கிறது. கைக்கு ஸ்கேன் எடுக்கச் சென்ற மூதாட்டி ஒருவர் அப்பலகையைப் படித்துவிட்டு, இடம் மாறி வந்துவிட்டோம் என்று திரும்பிவிட்டாராம். இடம் அதுதான். பழைய எக்ஸ்ரே, இரத்தச் சோதனைத் தாள்கள், உண்ணும் மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றை ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்க; காலை விறைப்பு எத்தனை நிமிடம் இருக்கிறது என்பதை ஒரு வாரம் குறித்துக்கொண்டு அதனையும் காட்டுக.